மூன்றாவது கால்

செவ்வாய்க்கிழமை காலையில் புளியடி விலக்கில் பஸ் நின்றால், நொண்டாமல் இறங்குகிற ஆள் கண்டக்டர் மட்டும்தான்.

மற்ற எல்லாரும் சங்கு சாமியைப் பார்க்க வருகிறவர்கள். கம்பத்திலிருந்து வருகிறார்கள், சின்னமனூரிலிருந்து வருகிறார்கள், வைகை அணைப் பக்கமிருந்துகூட வண்டி பிடித்து வருகிறார்கள். ஏலத்தோட்டத்துச் சரிவில் வழுக்கியவர்கள் மலையிலிருந்து ஜீப்பில் அடைந்து வருகிறார்கள். திராட்சைப் பந்தலிலிருந்து விழுந்தவர், மாடு முட்டியவர், கல்யாண வீட்டு ஈரத் தரையில் சறுக்கியவர் என்று அந்தச் சாலைப் பிரிவு முழுக்க வீக்கமும் முனகலுமாக இருக்கும். வரவேற்க இருபதடிக்கு ஒரு பேனர். ‘எக்ஸ்ரே வேண்டாம்! ஸ்கேன் வேண்டாம்! எலும்பே பேசும், எங்கள் சாமி கேட்பார்!’ படத்தில் சாமியின் காதில் ஒரு சங்கு, சங்கிலிருந்து ஒரு மின்னல். மின்னல் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் இருந்தால் அந்த பஸ்ஸில் ஏறியிருக்கவே மாட்டார்களே.

நான் முத்துராஜா. ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியின் நடமாடும் மருத்துவ வண்டிக்கு டிரைவர். அதே செவ்வாய், அதே விலக்கில் எங்கள் வண்டியும் நிற்கும். வண்டிக்குள் ஒரு கட்டில், மருந்து அலமாரி, விழிப்புணர்வுப் படம் போட ஒரு டிவி, அப்புறம் டாக்டர் ஷர்மின். உத்தமபாளையத்துத் தேங்காய் வியாபாரி அப்துல் சமதின் மகள். எங்களிடம் எல்லாம் இலவசம். அதனாலேயோ என்னவோ, சாமியின் டோக்கன் வரும்வரை நிழலுக்கு ஒதுங்குகிறவர்கள்தான் எங்களுக்கு வாய்க்கிற நோயாளிகள்.

சாமியின் பழைய பெயர் சுருளியாண்டி. திராட்சைக்குப் பூச்சிமருந்து விற்றவர். அவர் மருந்தை அடித்த தோட்டத்தில் பூச்சி பிழைத்தது, கொடி கருகியது. தோட்டக்காரர்கள் தேடத் தொடங்கியதும் இரண்டு வருஷம் ஆளைக் காணோம். திரும்பி வந்தபோது முகத்தில் தாடியும் கையில் சங்கும் இருந்தன.

வைத்தியம் இப்படி. அடிபட்ட காலை முழங்காலிலிருந்து விரல் வரைக்கும் மஞ்சள் தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் சுற்றிக்கொண்டு வர வேண்டும். வெறும் உடம்பைப் பார்த்தால் சாமியின் தவம் கெட்டுவிடும், தொட்டால் சுத்தமாகப் போய்விடும். துணிமேல் சங்கின் கூர்முனையை வைத்து, அகன்ற வாயில் தன் காதை வைப்பார். கண்ணை மூடுவார். பிறகு நம் காதில் வைத்து, “கேளு. உன் எலும்பு அழுவுதா?” என்பார். உண்மையாகவே கேட்கும். ‘ஓ’ என்று ஒரே அழுகை. தன் சொந்த எலும்பு தன்னிடம் அழுவதைக் கேட்டால் யாருக்குத்தான் கண் கலங்காது?

வருகிற எல்லாருக்கும் முறிவுதான். சுளுக்கு என்ற சொல்லே சாமியின் அகராதியில் இல்லை. காணிக்கை, ஒரு அட்டை முட்டை. முப்பதில் இரண்டை உளுந்து மாவில் குழைத்துக் கட்டுப் போடுவார்கள். மிச்சம் இருபத்தெட்டும் பக்கத்திலிருக்கும் பரோட்டாக் கடைக்குப் போகும். கடை, சாமியின் மச்சான் வேல்பாண்டியுடையது. முட்டை பரோட்டா அங்கே என்றைக்கும் தீர்ந்துபோனதே கிடையாது.

எட்டாம் நாள் மறுபடி சங்கு வைத்து, “கூடிருச்சு” என்பார். உடனே குதிப்பு. பந்தலுக்கு நடுகிற கல்தூண்களை இடுப்பளவு அடுக்கி ஒரு மேடை செய்திருக்கிறார்கள். அதில் ஏறி, கூடிய காலால் பொத்தென்று குதிக்க வேண்டும். கூட்டம் கைதட்டும், மேளம் அடிக்கும். சுளுக்கு எட்டு நாளில் சும்மா இருந்தாலே பாதிக்குமேல் வடிந்துவிடும் என்று யாருக்கும் தோன்றவில்லை. காலை ஊன்றவே முடியாமல் நாலு பேர் தூக்கிக்கொண்டு வருகிறவர்களைக் கண்டால் மட்டும் சாமி சங்கையே எடுக்க மாட்டார். “இது ஒங்க பாட்டன் பாவம். இங்கன தீராது” என்று வாசலோடு அனுப்பிவிடுவார். ஆகவே சாமியிடம் குணமாகாதவர் என்று ஒருவரும் இல்லை.

இப்படி நையாண்டி செய்கிற நான் மட்டும் என்ன ஒழுங்கு? எனக்கு இடுப்பில் இரண்டு முறிவு என்றார் சாமி. பத்து வருஷம் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்த வலி அது. டாக்டரம்மாவுக்குத் தெரியாமல் முட்டை கொண்டுபோய்க் கொடுத்தேன், சங்கைக் கேட்டு அழுதேன், எட்டாம் நாள் குதிக்கவும் குதித்தேன். ஆஸ்பத்திரி வண்டி ஓட்டுகிறவனுக்கும் புத்தி விடுமுறையில் போகும் என்பதற்கு நானே அத்தாட்சி.

அந்தச் செவ்வாய்க்கிழமை ராமுத்தாய் தன் மகள் பாண்டீஸ்வரியைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு எங்கள் வண்டி நிழலில் வந்து உட்கார்ந்தாள். ராமுத்தாய் திராட்சைக் குலை வெட்டுகிற வேலைக்குப் போகிறவள். மகள் போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். மூன்று மாதத்தில் ஓட்டமும் தாண்டலும் இருக்கின்றன. பயிற்சிக்கு ஓடும்போது வாய்க்கால் கரையில் கால் பிரண்டுவிட்டது. போன வாரம் சாமி கட்டுப் போட்டார், இன்று கட்டை அவிழ்த்து ‘கூடிருச்சு’ என்றும் சொல்லிவிட்டார். குதிப்பு டோக்கன் நாற்பத்தொன்று.

டாக்டரம்மா அந்தக் காலைப் பார்த்தார். கணுக்காலுக்கு மேலே வெளிப்பக்கம் நாவற்பழ நிறத்தில் வீங்கியிருந்தது.

“இது கூடிருச்சுன்னு யாரு சொன்னா?”

“சாமிதான் சொன்னாக.”

“உள்ள வாம்மா. ரெண்டு நிமிஷம்.”

கட்டிலில் படுக்கவைத்து, முகம் மழிக்கிற மிஷின் அளவுக்கு இருக்கும் ஸ்கேன் கருவியை எடுத்தார். அதன் வயர் டிவிக்குப் போகும். ராமுத்தாய் முகம் மலர்ந்தாள்.

“ஆத்தா, இது வயித்துல ஆணா பொண்ணான்னு பாக்குற மிஷின்தானே?”

“அதச் சொன்னா என்னையப் பிடிச்சு உள்ள போட்டுருவாக. இந்த மிஷின இந்த வண்டிக்குன்னு பதிவு பண்ணியிருக்கு, வண்டிய விட்டு எங்கயும் நகரக் கூடாது. நாங்க எலும்பு பாக்கப் போறோம்.”

நல்ல காலில் ஜெல்லைத் தடவிக் கருவியை வைத்தார். டிவியில் ஒரு வெள்ளைக் கோடு வந்தது.

“இந்த வெள்ளைக் கோடுதான் எலும்பு. நேரா ஓடுதா? அப்ப முழுசா இருக்கு. இப்ப வலிக்கிற கால வைக்கிறேன். நீங்களே பாருங்க.”

கோடு நேராக வந்தது. ஓர் இடத்தில் படி இறங்குவதுபோல் தடக்கென்று இறங்கி, கொஞ்சம் தள்ளி மறுபடி தொடங்கியது. பத்தாம் வகுப்போடு நின்ற எனக்கே தெரிந்தது.

“முறிஞ்சிருக்குக்கா. இன்னும் கூடல. எக்ஸ்ரே எடுத்து, மாவுக்கட்டுப் போட்டா ஆறு வாரத்துல கூடிரும், அப்புறம் மெதுவா ஓடிப் பழகலாம். இப்பக் குதிச்சா எலும்பு வெலகிரும். ஆபரேசன் பண்ணி பிளேட் வைக்கணும். போலீஸ் ஓட்டத்த மறந்துர வேண்டியதுதான்.”

பாண்டீஸ்வரி அம்மாவைப் பார்த்தாள். ராமுத்தாய் மசியவில்லை.

“எக்ஸ்ரே எடுத்தா ரத்தம் சுண்டிப்போகும்னு சாமி சொல்லியிருக்காக. அதுமில்லாம, முறிவுன்னு முதல்லயே சொன்னதும் அவுகதானே? நீங்களும் அதத்தான் சொல்றீக. அப்ப அவுக சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

ஊரிலுள்ள எல்லாருக்கும் முறிவு என்று சொன்னால் யாரோ ஒருத்திக்கு உண்மையிலேயே முறிந்திருக்கத்தானே செய்யும்? நின்றுபோன கடிகாரத்தை நம்பி வேலைக்குப் போகிறமாதிரி இருந்தது ராமுத்தாயின் பேச்சு.

அதற்குள் வேல்பாண்டி மைக்கோடு வந்துவிட்டான்.

“டோக்கன் நாப்பத்தொண்ணு! ஏலே, எங்க போயிட்டீக? சாமி காத்திருக்காக!”

“இந்தப் பொண்ணு குதிக்காது” என்றார் டாக்டரம்மா.

“அதச் சொல்ல நீங்க யாரு? சாமி காதுக்கு முன்னாடி ஒங்க டிவிப் பொட்டி நிக்குமா?” அதை மைக்கிலேயே கேட்டான். கூட்டம் திரும்பிப் பார்த்தது. “சங்கா, மிஷினா? தகிரியம் இருந்தா மோதிப் பாப்போமா?”

“பாப்போம்” என்றார் டாக்டரம்மா, பஸ்ஸில் சில்லறை கேட்கிற குரலில். “ஒரே ஒரு நிபந்தனை. யாரு காலுன்னு சாமிக்கும் தெரியக் கூடாது, எனக்கும் தெரியக் கூடாது.”

கூட்டத்தின் முன்னால் சவால் விட்டுவிட்ட வேல்பாண்டியால் பின்வாங்க முடியவில்லை. சாமிக்கும் வேறு வழி இல்லை.

வண்டியின் பின்கதவில் திரையை இழுத்துவிட்டோம். மொத்தம் மூன்று கால், ஒவ்வொன்றாக. கால் மட்டும் திரைக்கு அடியில் வெளியே நீட்டியிருக்கும். சாமியின் விதிப்படியே முழங்காலிலிருந்து விரல் வரை மஞ்சள் துணி. ஈரத் துணி மெல்லிசாக இருப்பதால், அதன்மேல் ஜெல்லை ஊற்றினால் படம் கொஞ்சம் மங்கலாக வரும், பரவாயில்லை என்றார் டாக்டரம்மா. டிவியைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினோம். உள்ளே யார் காலை நீட்டுவது என்று முடிவு செய்ய நானும், ஊர் சார்பில் ராமுத்தாயும்.

இரண்டு காலுக்குப் பாண்டீஸ்வரி இருக்கிறாள். மூன்றாவதற்கு என்ன செய்வது என்று யோசிக்கும்போதுதான் ஒச்சாண்டி வண்டியின் முன்கதவைத் திறந்துகொண்டு எட்டிப் பார்த்தான். என்னோடு கம்பத்தில் ஜீப் ஓட்டியவன், அன்று என்னைப் பார்க்க வந்திருந்தான். கவனித்தேன், அந்த விலக்கிலேயே அன்று நொண்டாமல் நடந்தவன் அவன்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனை உள்ளே இழுத்து, காதில் விஷயத்தைச் சொன்னேன். அவன் எதையோ காட்ட, ராமுத்தாய் வாயைப் பொத்திக்கொண்டாள்.

முதல் கால் வெளியே போனது. பாண்டீஸ்வரியின் வலது கால், அதாவது நல்ல கால்.

சாமி சங்கை வைத்தார். “ஐயோ, அழுவுதே! முறிவு. எட்டு நாள் கட்டணும்.”

உள்ளே ராமுத்தாய் என் கையை இறுகப் பிடித்தாள். “தம்பி, அது அடியே படாத காலுய்யா” என்று கிசுகிசுத்தாள். நான் உதட்டில் விரலை வைத்தேன்.

டாக்டரம்மா கருவியை மேலும் கீழும் நகர்த்தினார். டிவியில் கோடு கோணாமல் ஓடியது. “எலும்பு முழுசா இருக்கு” என்றார்.

இரண்டாவது, அடிபட்ட கால். முதலில் முறிவு என்று சொல்லிவிட்டோம், ஒன்றையாவது நல்லது என்று சொன்னால்தான் பொருத்தம் என்று சாமி கணக்குப் போட்டிருக்க வேண்டும். “இது இரும்பு மாதிரி எலும்பு! எங்கன வேணாலும் குதிக்கலாம்” என்றார்.

டாக்டரம்மா வைத்தார். கோடு வந்தது, இறங்கியது. அவர் வாயைத் திறப்பதற்குள் கூட்டத்திலிருந்தே ஒரு குரல் வந்தது. “கோடு அந்துருச்சு! அந்தா, படி மாதிரி எறங்குதுல்ல!”

“அதேதான். முறிவு” என்றார் டாக்டரம்மா.

திரைக்கு உள்ளே ராமுத்தாய் மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். இன்னும் பத்து நிமிஷத்தில் அந்தக் காலைக் கல்மேடையிலிருந்து குதிக்கவைக்க இருந்தவள் அவள்தான். சொல்லிச் சொல்லி அழுதாள்.

மூன்றாவது கால் வெளியே போனது.

இந்த முறை சாமி நிதானமாக இருந்தார். இரண்டு நிமிஷம் சங்கில் காதை வைத்தார். தலையை ஆட்டினார், உச்சுக் கொட்டினார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். “மகாபாவம்! எலும்பு மூணு துண்டு. ஒவ்வொரு துண்டும் தனித்தனியா அழுவுது. இந்த உசுரு பொழைச்சதே என் சங்கு செஞ்ச புண்ணியம்.”

கூட்டத்தில் நாலைந்து பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

டாக்டரம்மா கருவியை வைத்தார். டிவி கறுப்பாக இருந்தது. இடம் மாற்றி வைத்தார், ஜெல்லை இன்னும் ஊற்றி வைத்தார். வெள்ளைக் கோடும் இல்லை, சதையும் இல்லை. கடைசியில் அவர் கையை எடுத்துவிட்டார்.

“எனக்குத் தெரியல” என்றார்.

அவ்வளவுதான். விசில் பறந்தது. வேல்பாண்டி மைக்கில் துள்ளினான். “பாத்தீகளா! படிச்ச டாக்டரு, தெரியலன்னு சொல்லிட்டாக! சாமி என்னைக்காச்சும் தெரியலன்னு சொன்னதுண்டா?”

“சொன்னதில்ல. அதான் சிக்கலே” என்றார் டாக்டரம்மா. “எனக்கு இதுல எலும்பு கெடச்சாத்தான் முறிவு தேடுவேன். எலும்பே கெடைக்கல. துணிய அவுத்துப் பாக்கணும்.”

நான் திரையை விலக்கினேன். ஒச்சாண்டி மெதுவாக எழுந்து உட்கார்ந்து மஞ்சள் துணியை அவிழ்த்தான். முழங்காலுக்குக் கீழே வழவழவென்று ஒரு பிளாஸ்டிக் கால். கம்பம்மெட்டு வளைவில் ஜீப் கவிழ்ந்து அவன் சொந்தக் காலை இழந்து ஆறு வருஷமாகிறது. பட்டையைத் தளர்த்திக் காலைக் கழற்றினான். பணிவோடு சாமியின் மடியில் வைத்தான்.

“மூணு துண்டையும் ஒட்டவச்சு வையிங்க சாமி. டீ குடிச்சிட்டு வந்து வாங்கிக்கிறேன்.”

அந்தச் சிரிப்பு உத்தமபாளையம் வரைக்கும் கேட்டிருக்கும். முட்டை அட்டையோடு வரிசையில் நின்றவர்கள் அட்டையை முந்தானைக்குள் மறைத்தார்கள். ஆனால் நம்பிக்கை அவ்வளவு சுலபத்தில் சாகுமா? மொக்கம்மாள் என்று ஒரு பெரியகுளத்து அம்மா முன்னால் வந்தார்.

“அது கெடக்கட்டும். என் எலும்பு அழுததை நானே என் ரெண்டு காதால கேட்டேனே. அதுவும் பொய்யா?”

டாக்டரம்மா சாமியின் கையிலிருந்து சங்கை வாங்கினார். அதன் முனையை என் வண்டியின் பின்டயரில் வைத்தார். “வாங்கம்மா. கேளுங்க.”

மொக்கம்மாள் குனிந்து காதை வைத்தார். “அழுவுது” என்றார்.

“டயருக்கு எந்த எலும்பு முறிஞ்சிருக்கு?”

பிறகு ஒரு வெறும் டம்ளரைக் காதில் வைக்கச் சொன்னார். அதுவும் ‘ஓ’ என்றது. “சுத்தி இருக்கிற சத்தந்தாம்மா உள்ள புகுந்து முழங்குது. வீட்டுல செம்பு, சட்டி எத வச்சுப் பாத்தாலும் கேக்கும்.” விலக்கிலிருந்த டீக்கடையில் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு டம்ளர்கூட மிச்சமில்லை. ஆளுக்கொன்றைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார்கள். நானும் ஒன்றை வைத்துக் கேட்டேன். என் இடுப்பு அழுத அதே அழுகை.

“மிஷினோட கதிர் பட்டுச் சங்கு கெட்டுப்போச்சு” என்று சாமி மெல்ல எழுந்தார். எழுந்தவரை ராமுத்தாய் மறித்தாள். அவள் கண்ணில் இப்போது தண்ணீர் இல்லை.

“என் மகளக் குதிக்கச் சொன்னீகளே. எங்க, நீங்க ஒருக்காக் குதிங்க பாப்போம்.”

“நானா?”

“ஒங்க எலும்புல முறிவே இல்லையே சாமி. ஏறுங்க.”

கூட்டம் வழிவிட்டது. மேடைக்கு நேராக அழகான ஒரு பாதை. சாமி கல்லைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். நெற்றியில் விபூதி வியர்வையோடு வழிந்தது.

“எனக்கு ஆகாதும்மா. முழங்கால் மூட்டுத் தேய்மானம். குதிக்கவே கூடாதுன்னு மதுரையில எக்ஸ்ரே எடுத்துப் பாத்து டாக்டரு...”

நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் வேல்பாண்டியின் மைக் அவர் பக்கத்தில் திறந்தே இருந்தது. எக்ஸ்ரே என்ற சொல் நாலு ஒலிபெருக்கியில் நாலு திசைக்கும் போய்ச் சேர்ந்தது.

“ஒங்களுக்கு மட்டும் ரத்தம் சுண்டலையா சாமி?” என்று கேட்டாள் ராமுத்தாய்.

மூட்டுத் தேய்ந்தவர் அன்று ஓடிய ஓட்டத்தைப் போலீஸ் தேர்வில் ஓடியிருந்தால் அவருக்கு முதலிடம் கிடைத்திருக்கும். வேல்பாண்டி மட்டும் பிடிபட்டான். அடிதடி எதுவும் நடக்கவில்லை. வாங்கிய முட்டையைத் திருப்பிக் கொடு என்று மக்கள் கடையை முற்றுகையிட்டதில், சாயங்காலம் வரைக்கும் அவன் அதை முட்டை பரோட்டாவாகப் போட்டுத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தான்.

நான் பாண்டீஸ்வரியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வண்டியைக் கிளப்பப் போனேன். பார்த்தால், எங்கள் டிவிக்குச் சந்தனம் வைத்துப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார் மொக்கம்மாள். பக்கத்தில் ஒருவர் ஸ்கேன் கருவிக்குச் சூடம் கொளுத்தத் தீப்பெட்டி தேடினார். “ஸ்கேன் ஆத்தா, நீதான் காப்பாத்தணும்!”

டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். சந்தனத்தைத் துடைத்தபடியே சொன்னார்: “இதக் கும்பிடாதீகம்மா. இதுவும் சில முறிவக் காட்டாமத் தப்ப விட்டுரும். இதுல தெரிஞ்சாலும் எக்ஸ்ரே எடுக்கணும், தெரியாமப் போயி வலி இருந்தாலும் எடுக்கணும். இது ஒரு டார்ச் லைட்டு, அம்புட்டுத்தான். அடிச்சுட்டு, நம்ம கண்ணாலதான் பாக்கணும்.”

மொக்கம்மாள் பக்தியோடு தலையாட்டினார். எவ்வளவு புரிந்ததோ தெரியாது. டாக்டரம்மா இறங்கியதும் மொக்கம்மாள் டிவியின் பின்பக்கம் ஒரு சின்னப் பொட்டை ரகசியமாக வைத்துவிட்டுப் போனார்.

ஆறு வாரம் கழித்துப் பாண்டீஸ்வரியின் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். மெதுவாக நடந்தாள், பிறகு ஓடிப் பழகினாள். மூன்றாம் மாதம் தேனி மைதானத்தில் அவள் எல்லைக் கோட்டைத் தொட்டபோது, வேலிக்கு வெளியே நின்ற ராமுத்தாய் இரண்டு காலாலும் குதித்தாள். அந்தக் குதிப்பை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

புளியடி விலக்கில் கல்மேடை இன்னும் அப்படியே கிடக்கிறது. அதில் யாரோ சுண்ணாம்பால் எழுதியிருக்கிறார்கள். கையெழுத்தைப் பார்த்தால் ஒச்சாண்டி எழுதியதுபோல இருக்கிறது. நான் போகும்போதும் வரும்போதும் வண்டியை மெதுவாக்கிப் படித்துவிட்டுத்தான் போகிறேன். என் இடுப்புக்கும் சேர்த்து எழுதிய வாசகம் அது:

‘குதி என்று எவன் சொன்னாலும், முதலில் அவனைக் குதிக்கச் சொல்.’